கணக்கில் வராத அக்டோபர்

இரண்டு வருடத்துக்கு முந்தைய டிசம்பரில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். விழுந்தது ஒரு முறை. பெங்களூரில் இருக்கும் என் மகள் அதை உறவினர்களிடம் சொன்னது, எனக்குத் தெரிந்த வரையில், பதினாறு முறை. நான் எழுந்து உட்கார நாற்பது நிமிடம் ஆயிற்று. பதினாறாவது ஆளிடம் அவள் சொல்லும்போது அது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

வீட்டைக் காலி செய்துவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். அடுத்த வாரம் கைபேசியில் ஒரு கட்டுரை அனுப்பினாள். வெளிநாட்டில் ஏதோ ஒரு கல்லூரி நகரத்தில் ஓய்வுபெற்றவர்கள் வருடம் முழுவதும் பருவத்துக்குப் பருவம் என்னென்ன செய்து மகிழ்கிறார்கள் என்ற விவரம். பூ பூத்தால் பூவைப் போய்ப் பார்க்கிறார்கள். வெயில் வந்தால் படகு விடுகிறார்கள். இலை சிவந்தால் இலையைப் பார்க்கிறார்கள். பனி விழுந்தால் அதன்மேல் சறுக்குகிறார்கள். எழுபது வயதில் வேண்டுமென்றே சறுக்குகிறவர்களைப் படம் எடுத்துப் போடுகிறார்கள், குளியலறையில் தெரியாமல் சறுக்கிய என்னை மட்டும் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள், இது என்ன நியாயம் என்று மகளிடம் கேட்டேன்.

"அவங்களைச் சுத்தி ஆள் இருக்குப்பா. நீங்க தனியா இருக்கீங்க. அந்த ஊர்ல உங்களுக்கு என்ன இருக்கு?"

"நானும் காலேஜ் ஊர்லதான் இருக்கேன்."

இதில் பொய் இல்லை. மண்ணூர்ப் பக்கம் ஒரு மனைப்பிரிவில் என் வீடு. காலை ஏழிலிருந்து எட்டரைக்குள் என் கேட்டைக் கடக்கும் கல்லூரி பஸ்கள் நாற்பத்து மூன்று. கம்பெனி பஸ்கள் நூற்றுப் பதினேழு. ஒருவன் கல்லூரி பஸ்ஸிலிருந்து கம்பெனி பஸ்ஸுக்கு மாறுவதற்கு நான்கு வருடமும் இருபது அரியர் பேப்பரும் ஆகின்றன. அதைத்தான் இங்கே உயர்கல்வி என்கிறோம்.

"சரி," என்றாள் மகள். "அப்ப நீங்களும் வருஷம் பூரா என்ன செய்றீங்கன்னு பார்ப்போம்."

அன்று மாலையே நிபந்தனைகள் வந்தன. மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு மாதமும் அந்தந்தப் பருவத்துக்கு உரிய ஏதாவது ஒன்றைச் செய்ய வேண்டும். வீட்டுக்கு வெளியே செய்ய வேண்டும். கூட மூன்று பேராவது இருக்க வேண்டும். போட்டோ அனுப்ப வேண்டும். ஆஸ்பத்திரி, வங்கி, ரேஷன் கடை கணக்கில் வராது. ஒரு மாதம் தவறினாலும் நான் பெங்களூரில் அவளுடைய பதினேழாவது மாடிக்குக் குடிபோக வேண்டும். இந்த வீட்டின் கீழ்ப்பகுதியையும் மேல்பகுதியைப் போலவே வாடகைக்கு விட்டுவிடுவாள். நான் அரசுப் புள்ளிவிவர அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் மழையையும் விளைச்சலையும் ஆட்களையும் எண்ணி ஓய்வுபெற்றவன். எண்ணிக்கையில் என்னை மடக்கப் பார்த்தால் நான் விடுவேனா? ஒப்புக்கொண்டேன்.

ஜனவரியிலேயே திணறிப்போனேன். பொங்கலுக்கு இந்த வட்டாரம் முழுவதும் ஊருக்குப் போய்விடுகிறது. ஒரகடம் சாலையில் நடுப்பகலில் நின்று எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் நாய் ஒன்பது, ஆள் நான்கு. அந்த நான்கில் ஒன்று நான். கடைசியில் பூட்டியிருந்த ஒரு தொழிற்சாலையின் வாசலில் மூன்று காவலாளிகள் செங்கல் கூட்டிப் பானை வைத்திருந்தார்கள். போய்ச் சேர்ந்துகொண்டேன். பானை பொங்குவதற்கு முன் என் அடையாள அட்டையைக் கேட்டு, நோட்டில் பெயர் எழுதி, வந்த நேரம் குறித்துக்கொண்டார்கள். பொங்கல் தின்றுவிட்டு, போன நேரத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்.

படத்தைப் பார்த்துவிட்டு மகள் கேட்டாள்: "மூணு பேரும் யூனிஃபார்ம்ல இருக்காங்களே. டூட்டில இருக்கறவங்க கணக்குல வருவாங்களா?"

"திட்டு வாங்கினவன் கணக்குல வந்தா திட்டினவங்களும் வருவாங்க," என்றேன். பானை அடிப்பிடித்ததற்கு என்னைத் திட்டியவர்கள் அவர்கள்தான். அனுமதித்தாள்.

பிப்ரவரி கல்லூரிகளுக்குக் கலைவிழாப் பருவம். பக்கத்துக் கல்லூரி வாசலில் வெள்ளைச் சட்டையும் மூக்குக் கண்ணாடியுமாகப் போய் நின்றேன். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் ஓடி வந்து, "சார், உங்களுக்காகத்தான் வெயிட்டிங்," என்று உள்ளே அழைத்துப் போனாள். எனக்காக யாராவது காத்திருந்து பல வருடம் ஆகியிருந்ததால் மறுக்கவில்லை. சால்வை போர்த்தினார்கள். ஒரு வேப்பங்கன்று கொடுத்தார்கள். கோலப் போட்டிக்கு நடுவராக உட்கார வைத்தார்கள். இருபத்து இரண்டு கோலத்துக்கும் புள்ளிகளை எண்ணிப் பார்த்து மதிப்பெண் போட்டேன். ஒரு கோலத்தில் பதினைந்து புள்ளி வரிசையில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தது. அதற்கு ஆறேகால் போட்டேன். அதைப் போட்ட பெண் அழுதாள். அந்தச் சமயத்தில் நிஜ நடுவர் வந்து சேர்ந்தார். சால்வையைத் திரும்பக் கேட்டார்கள். கன்றைக் கேட்கவில்லை, அது அவர்களிடம் நிறைய இருந்தது.

மார்ச்சில் ஏதோ நோய் விழிப்புணர்வுக்கான ஓட்டம். பனியனும் வாழைப்பழமும் தந்தார்கள், ஓடினவர்களைவிட வாழைப்பழத்தோடு படம் எடுத்துக்கொண்டவர்கள் இரு மடங்கு. ஏப்ரலில் வாலாஜாபாத் சாலையோரம் நுங்கு. வெட்டித் தந்த அம்மாளிடம் ஒரு காயில் மூன்று கண் இருக்க வேண்டியதற்கு இரண்டுதான் இருக்கிறது என்றேன்.

"இன்னா சார், மரத்துல ஏறி நானா கண்ணு வச்சேன்? ரெண்டு கண்ணு போதும், ஒனக்கு எத்தினி கீது?" என்றாள்.

என் பக்கத்தில் நின்று தின்ற மூன்று பேர் சிரித்தார்கள். மூன்று பேர் தேவைப்பட்டதால் அவர்கள் சிரிப்பதையே படம் எடுத்துக்கொண்டேன். மேயில் அதே அம்மாளிடம் பதநீர், குடிக்க வந்த நான்கு பேரோடு.

ஜூனில் ஒரு சொல்லால் குழப்பம் வந்தது. கல்லூரிகளில் அட்மிஷன் தொடங்கியிருந்தது. சுங்குவார்சத்திரம், திருவள்ளூர், அரக்கோணம் என்று எங்கிருந்தெல்லாமோ கார்களில் பெற்றோர்கள் வந்து வழி கேட்டார்கள். நான் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து வழி சொன்னேன். ஆறு நாளில் எண்பத்தோரு கார். டீக்கடை நடத்தும் அம்மாள் பொறுக்க மாட்டாமல் கேட்டாள்:

"இன்னா சார், பொழுதுக்கும் இங்கியே குந்திக்கினு கீறீங்க?"

"சீசன்மா. இந்த மாசத்துக்கு இதுதான் சீசன்."

"சீசன்னா ரயிலுக்கு எடுக்கறது. அத்த டேசன்ல போயி எடுக்கணும்."

அப்போது டீ குடித்துக்கொண்டிருந்த என் மாடி வீட்டுப் பையன் குறுக்கே வந்தான். என் மாடியில் ஆறு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். எல்லாரும் திருநெல்வேலிக்குத் தெற்கே, சாத்தான்குளம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் ஒரே தொழிற்சாலையில் ஒரே லைனில் வேலை. அதில் மூத்தவன், கண்ணாடி போட்டவன், சொன்னான்:

"சீசன்னா குத்தாலம்லா தாத்தா. சாரல் அடிக்கும், தண்ணி விழும். அதுக்குப் பேருதான் சீசன். மத்ததெல்லாம் சும்மா மாசம்."

எங்கள் அலுவலகத்தில் சீசன் என்றால் வேறு. இந்த மாவட்டத்துக்குச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று நெல் பட்டம். மூன்றுக்கும் தனித்தனிப் படிவம். இப்போது அதே நிலத்தில் ஏ, பி, சி என்று மூன்று ஷிப்ட். மூன்றுக்கு மூன்று, எண்ணிக்கை குறையவில்லை. ஆகையால் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. நெல் வயலில் சேற்றில் இறங்கிப் படிவம் நிரப்பியவனுக்குத்தான் தெரியும், தார்ச்சாலை எவ்வளவு நல்லது என்று.

ஜூலையில் பக்கத்துத் தெரு அம்மன் கோயிலில் ஆடிக் கூழ். நான் புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவன், ஆனால் கூழ் எந்தச் சபையையும் சேர்ந்ததல்ல. இரண்டு சொம்பு குடித்தேன். ஆகஸ்டில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்கு மோர் கொடுக்க, எதிர்வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பத்தோடு மறைமலை நகருக்குப் போனேன். காவி உடையில் போனவர்கள் காலை பத்து முதல் ஒன்று வரை அறுநூற்று நான்கு. மோர் வாங்கிக் குடித்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. மோரில் உப்பு அதிகம் என்று நான் முதலிலேயே சொன்னேன். செப்டம்பரில் மாணவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் கிரிக்கெட் போட்டி. ஸ்கோர் எழுதினேன். ஒரு ஓவரில் ஏழு பந்து போட்டதைக் கண்டுபிடித்தேன். இரண்டு அணியும் சேர்ந்து என்னைத் திட்டின. அந்த வருடத்தில் இந்த வட்டாரத்தின் மாணவர்களும் தொழிலாளர்களும் ஒன்றாகச் சேர்ந்தது அந்த ஒரு முறைதான்.

இப்படி ஒன்பது மாதம் ஓட்டினேன். அதன்பின் அக்டோபர் வந்தது.

அக்டோபரில் முதல் மூன்று வாரம் எனக்குச் சளியும் காய்ச்சலும். நான்காவது வாரம் மழை. சாலைப் பள்ளங்களை எண்ணியிருக்கிறேன், என் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை முப்பத்தெட்டு. மழை பெய்தால் எல்லாம் சேர்ந்து ஒன்றாகிவிடும். மகள் தொலைபேசியில் கேட்காமல் கேட்டாள்: "இந்த மாசம் போட்டோ எதுவும் வரலையேப்பா. இங்க மழையே இல்லை." மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை.

அறுப்பின் பண்டிகை என்றால் அவரவர் நிலத்தில் அறுத்ததில் முதல் பங்கைக் கொண்டுவந்து ஆலயத்தில் வைத்து நன்றி சொல்வது. ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள். எங்கள் சபையில் நூற்றுச் சொச்சம் குடும்பம். நிலத்தில் அறுப்பவர்கள் ஒருவரும் இல்லை. ஆனாலும் பண்டிகையை விடுவதாக இல்லை. சனிக்கிழமை சந்தையில் வாங்கி ஞாயிற்றுக்கிழமை நன்றி சொல்கிறோம்.

கூட மூன்று பேர் வேண்டும். சபையில் என்னோடு நின்று படம் எடுக்கச் சம்மதிப்பவர்கள் அந்த வருடம் இரண்டே பேர். கணக்குக் குழுவில் நான் இருந்ததால் வந்த வினை அது. ஆகவே வெள்ளிக்கிழமை மாலை மாடிப்படியில் அந்தக் கண்ணாடிக்காரப் பையனை நிறுத்தினேன். அவர்கள் ஆறு பேரும் எங்கள் சபைப் பிரிவுதான்.

"ஞாயித்துக்கிழமை நம்ம கோயில்ல பண்டிகை. வாங்க."

"என்ன பண்டிகை தாத்தா? ஸ்தோத்திரப் பண்டிகையா?"

"அந்த மாதிரிதான்."

அவன் முகம் மலர்ந்தது. "அப்போ அசனம் உண்டா?"

ஆசனம் உண்டா என்று என் காதில் விழுந்தது. உட்கார இடம் கேட்கிறான், தெற்கத்திப் பையன்கள் மரியாதை தெரிந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"அது எல்லாருக்கும் உண்டு. மொத்தம் நூத்தி இருபது இருக்கு. போன வாரம்தான் எண்ணினேன்."

"நூத்தி இருபதா?"

"போதலைன்னா வாடகைக்கு இன்னும் ஐம்பது சொல்லிக்கலாம்."

"வாடகைக்கா?" என்று கொஞ்சம் யோசித்தான். "நம்ம லைன்ல ஊர்ப் பயலுவ இன்னும் இருக்கானுவ. கூட்டிட்டு வரலாமா?"

"எத்தனை பேர் வேணும்னாலும் வரட்டும். கடைசி வரிசை எப்பவும் காலியாத்தான் கிடக்கும்."

"கடைசிப் பந்தியில இருந்தாலும் எங்களுக்குக் கெடச்சாப் போதும் தாத்தா," என்றான்.

பந்தி என்று ஏன் சொன்னான் என்று அப்போதே யோசித்திருக்கலாம். எட்டாவது படியிலிருந்து இறங்கும்போது நான் கவனமாக இருப்பேன். யோசிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழையில் நனைந்துகொண்டு முப்பத்தொரு பேர் வந்தார்கள். பாதிப் பேர் சி ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, சீருடையோடு நேராக ஆலயத்துக்கு வந்தவர்கள். காலையில் யாரும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியாது. பண்டிகை நாளில் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு வருவது அவர்கள் ஊர் வழக்கம் என்பதும் தெரியாது. பாமாலைப் பாட்டுகளை ஓங்கிப் பாடினார்கள். எங்கள் சபையார் பாடுவது பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. சபைச் செயலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் மீன் வண்டி வைத்திருப்பவர், உள்ளூர்க்காரர்.

"சார், சூப்பர் சார். ஒரே ஆளா முப்பது பேர இட்டாந்துட்டீங்க."

"முப்பத்தொன்று," என்றேன்.

இரண்டு மணி நேரம் ஆராதனை. அதன்பின் பந்தலில் ஏலம். மேசைமேல் இருந்த அந்த வருடத்து அறுப்பு இது: விலைச் சீட்டு ஒட்டிய காலிஃபிளவர் ஒன்பது, ஒரு பெரிய பரங்கிக்காய், தேங்காய் நாற்பது, இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை இரண்டு, கத்தரிக்காய் ஒரு கூடை, காலில் கயிறு கட்டிய சேவல் ஐந்து. லேத் பட்டறைக்காரர் ஒருவர் உண்மையிலேயே தன் கையால் செய்ததைத்தான் கொண்டுவர வேண்டும் என்று நினைத்து, ஒரு பெட்டி வாஷர் கொண்டுவந்திருந்தார். அந்த மேசையில் நியாயமான பொருள் அது ஒன்றுதான்.

முப்பத்தொரு பேரும் பந்தலின் ஓரத்தில் வரிசையாகக் கீழே உட்கார்ந்தார்கள். நாற்காலி காலியாக இருக்கிறது என்று கையைக் காட்டினேன். கண்ணாடிக்காரப் பையன் எழுந்து வந்து என் காதருகே கேட்டான்:

"தாத்தா, எல எப்பம் போடுவாவ?"

"என்ன இலை?"

"சோத்துக்குத்தான். நூத்தி இருபது எலைன்னு சொன்னியள்லா."

"நான் சொன்னது நாற்காலி."

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். திருநெல்வேலிச் சபைகளில் பண்டிகைக்கு ஊரே கூடிச் சமைத்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்துக்கு அசனம் என்று பெயர். பிறகு அகராதியில் பார்த்தேன், அசனம் என்றால் உணவு என்று போட்டிருக்கிறது. எழுபத்து நான்கு வயது வரை ஒரு குறிலை நெடிலாகக் கேட்டுக்கொண்டு, படித்தவன் என்று சொல்லித் திரிந்திருக்கிறேன்.

செயலாளரிடம் ஓடினேன். "டீயும் பிஸ்கட்டும் கீது சார்," என்றார். "அதுவும் அறுபது பேருக்குத்தான். நாஷ்டா கூட துன்னாமயா வண்ட்டாங்க? நீங்க இன்னா சொல்லி இட்டாந்தீங்க?"

"உட்கார இடம் உண்டுன்னு சொன்னேன்."

"அதுக்கா நைட் ஷிப்ட் முடிச்சிக்கினு நேரா வந்தாங்க?"

பின்னால் பையன்களுக்குள் செய்தி பரவிவிட்டது. "ஏல, அசனம் இல்லியாம்ல. சேருதான் உண்டாம்." "சேரத் திங்கவால?" ஒருவன் சிரித்தான், மற்றவர்களும் சிரித்தார்கள். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சிரித்ததால் ஏலம் விடுபவர் பரங்கிக்காயைத் தூக்கியபோது நான் கையைத் தூக்கிவிட்டேன். பரங்கிக்காய் என்னுடையதாயிற்று. அடுத்து அரிசி மூட்டைக்கும் தூக்கினேன். தேங்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் கையை இறக்கவே இல்லை. ஒன்பது வருடத்தில் ஏலத்தில் ஒரு எலுமிச்சம்பழம்கூட எடுக்காதவன் சேவலுக்கு எதிர் ஏலம் கேட்பதைச் சபை முழுவதும் எழுந்து நின்று பார்த்தது. மூன்றாவது சேவலுக்கு எங்கள் சபை ஆயரே எனக்கு எதிராகக் கேட்டார். விஷயம் தெரிந்ததும் விட்டுக்கொடுத்தார். வாஷர் பெட்டியையும் யாரோ என் பெயரில் எழுதிவிட்டார்கள்.

எல்லாம் என் வீட்டு மொட்டை மாடிக்குப் போயிற்று. டீக்கடை அம்மாள் அண்டாவும் தார்ப்பாயும் கொடுத்தாள், தானும் வந்து நின்றாள். ஊரில் அசனத்துக்குச் சமைத்துப் பழகிய நான்கு பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். நான் அரிசியை அளந்து, ஆளுக்கு எத்தனை கிராம் என்று வகுத்துச் சொன்னேன். அதில் ஒருவன், "தாத்தா, நீங்க அங்கன போயி இரிங்க," என்று தேங்காய் மூட்டையின் பக்கம் காட்டினான். மூன்றரை மணிக்கு இலை போட்டார்கள். செயலாளரும் ஆயரும் வந்தார்கள். மொத்தம் நாற்பத்து நான்கு இலை. தார்ப்பாயில் விழுந்த மழையின் சத்தத்தில் பேசியது ஒன்றும் கேட்கவில்லை. உறைப்பு என்று நான் சொன்னதும் கேட்கவில்லை. ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். ஆலயத்தில் படம் எடுக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது மாலை ஆறு மணிக்கு.

ஏழு மணிக்கு மகள் பேசினாள்.

"ரொம்ப நல்லா இருக்குப்பா படம். ஆனா இது நம்ம வீடு."

"மொட்டை மாடி."

"வீட்டுக்கு வெளியேன்னு சொல்லியிருந்தேன்."

"மேல கூரை கிடையாது. வீட்டு வரிக் கணக்குல மொட்டை மாடியை வீட்டோட சேர்க்க மாட்டான். மாடிப்படி வெளிப்பக்கம் இருக்கு. தெருவிலேர்ந்தே ஏறலாம்."

"நாற்பது பேரு இருக்காங்க, சரி. நீங்க அவங்க வீட்டுக்குப் போகல, அவங்க உங்க வீட்டுக்கு வந்திருக்காங்க. அக்டோபர் வராதுப்பா."

அக்டோபரில் இன்னும் நான்கு நாள் மிச்சம் இருந்தது. நான்கு நாளும் மழை. நவம்பரில் ஏரி நிரம்பி உபரி நீர் வழியும் கலங்கலில் மீன் பிடித்தவர்களோடு நின்று படம் எடுத்தேன். டிசம்பர் முதல் வாரத்தில் ஆலயத்தில் நட்சத்திரம் கட்டும்போது ஒன்று எடுத்தேன். பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டுக்குப் பதினொன்று என்பது எந்தப் பரீட்சையிலும் நல்ல மதிப்பெண். மகள் வைத்த பரீட்சையில் அது தோல்வி.

டிசம்பர் இரண்டாவது ஞாயிறு காலையில் வந்து இறங்கினாள், கையில் ஒரு பெரிய காலிப் பெட்டியோடு. பெட்டியைக் கூடத்தில் வைத்துத் திறந்தாள். என் சட்டைகளை எண்ணாமல் அடுக்க ஆரம்பித்தாள். கையில் மிச்சம் இருந்த கடைசி வாதத்தை எடுத்தேன்.

"நீ சொல்றது என்ன? நான் தனியா இருக்கேன்கறது. சென்சஸ்ல குடும்பம்னா என்ன? ஒரே அடுப்புல சமைச்சுச் சாப்பிடறவங்க ஒரு குடும்பம். ரத்த சம்பந்தம் வேண்டாம். அன்னிக்கு நாற்பத்து நான்கு பேர் ஒரே அடுப்புல சாப்பிட்டோம். நான் தனியாள் கிடையாது."

அவள் அடுக்குவதை நிறுத்தினாள். சின்ன வயதில் என்னோடு உட்கார்ந்து படிவங்களைச் சரிபார்த்தவள்.

"வழக்கமான்னு ஒரு வார்த்தை இருக்கும்பா அந்த விதியில. வழக்கமாகச் சேர்ந்து சாப்பிடறவங்க. ஒரு நாள் சாப்பிட்டா விருந்தாளி. விருந்தாளியை எண்ணக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு மாடிக்கு ஏறினாள். பின்னால் போனேன். பையன்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, அப்பா இங்க வந்து சாப்பிடுவாரா?"

"தாத்தாவா?" கண்ணாடிக்காரன் கரண்டியோடு எழுந்தான். "அன்னைக்கு அசனத்துல மூணு மட்டம் சோறு வாங்குனாவ. உப்புக் கூட, ஒறப்புக் கூடன்னு சொல்லிக்கிட்டேதான் வாங்குனாவ. அன்னையிலேர்ந்து ஞாயித்துக்கெழம அவுகளுக்கும் ஒரு தட்டு சேத்துத்தான் வைக்கோம். கூப்புட்டா வயிறு சரியில்லம்பாவ."

மகள் என்னைப் பார்த்தாள். "எத்தனை வாரமாப்பா?"

"ஆறு," என்றேன். இதை எண்ணாமல் இருந்திருக்கலாம்.

"ஆறு வாரமா தட்டு வைக்கிறாங்க, நீங்க போகல."

"அவங்க போடற மிளகாய் உனக்குத் தெரியாது."

கீழே இறங்கி, பெட்டி முன்னால் உட்கார்ந்து ஒரு சட்டையை வெளியே எடுத்தாள், மறுபடி வைத்தாள், பிறகு எடுத்தாள். புது நிபந்தனைகள் வந்தன. அக்டோபர் அக்டோபர்தான், அதைக் கணக்கில் சேர்க்க மாட்டாள். அதற்குப் பதிலாக ஞாயிறுதோறும் நான் மேலே போய்ச் சாப்பிட வேண்டும். படத்தை நான் எடுக்கக் கூடாது, பையன்கள் எடுத்து அனுப்ப வேண்டும். ஒரு ஞாயிறு நான் வரவில்லை என்றால் அவர்கள் கீழே வந்து கதவைத் தட்ட வேண்டும், திறக்காவிட்டால் அவளுக்குப் பேச வேண்டும். மறுபடி மாடிக்கு ஏறிக் கண்ணாடிக்காரனிடம் இதை இரண்டு முறை சொன்னாள். "நீங்க போங்கக்கா, நாங்க பாத்துக்கிடுதோம்," என்றான். காலிப் பெட்டியை என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு மாலை பஸ்ஸுக்குக் கிளம்பினாள். கொண்டுபோக மறந்துவிட்டாள் என்று நினைக்க நான் அவ்வளவு வெகுளி இல்லை.

இதுவரை முப்பத்தொன்பது ஞாயிறு ஆகியிருக்கிறது. பண்டிகைக்கு அவர்கள் ஊருக்குப் போன நாட்களைக் கழித்துச் சொல்கிறேன். மீன் குழம்பு பத்தொன்பது, கருவாடு எட்டு, மிச்சமெல்லாம் கோழி. எல்லாவற்றிலும் உறைப்பு ஒன்றுதான். சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒரு மிளகாய் குறைத்தார்கள். பதினேழில் ஒன்று. போன ஞாயிறு எடுத்த படத்தில் நான் தட்டுக்கு முன்னால் கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருக்கிறேன். ஜெபம் பண்றீங்களாப்பா என்று மகள் கேட்டு அனுப்பியிருந்தாள்.

ஆமாம் என்று பதில் போட்டேன்.